எழுநூறு முறை மாவாட்டிய பின்: ஒரு டேபிள் டாப் கிரைண்டரும் பதில் வராத அதன் நிறுவனமும்

2018 ஆகஸ்டில், ஆடித் தள்ளுபடி முடிகிற வாரத்தில், கோவை காந்திபுரத்துக் கடை ஒன்றில் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் வாங்கினோம். ஐந்து பேர் உள்ள வீடு. வாரத்துக்கு இரண்டு நாள் மாவாட்டியாக வேண்டும். அந்தக் கணக்கில் இதுவரை எழுநூறு முறைக்கு மேல் அது ஓடியிருக்கிறது. இவ்வளவு காலம் புழங்கிய பிறகு எழுதுவதற்குக் காரணம் கிரைண்டர் அல்ல, அதைச் செய்த நிறுவனம். பெயரை எழுதப் போவதில்லை. வேறு நிறுவனங்களின் கிரைண்டர் வைத்திருக்கும் உறவினர்களும் ஏறக்குறைய இதே கதையைச் சொல்லக் கேட்டிருப்பதால், ஒரு பெயரை மட்டும் எழுதினால் மற்றவர்கள் நல்லவர்கள் என்றாகிவிடும்.

முதலில் பொருளைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். உளுந்தை இதில் அரைத்தால் மாவு நன்றாகக் காணும். ஒரு டம்ளர் உளுந்தை ஒன்றரை மணி நேரம் ஊறவைத்து, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து முப்பது நிமிடம் ஓடவிட்டால், டிரம்மின் முக்கால் அளவுக்குப் பஞ்சு போல் எழும்பி வருகிறது. மிக்ஸியின் பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி மாவைச் சூடாக்கிவிடும். இதில் கல் மெதுவாக உருள்வதால் மாவு சூடேறுவதில்லை, மறுநாள் காலையில் புளித்துப் பொங்கியிருப்பதைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஆட்டுக்கல்லில் ஆட்டிப் பழகிய என் அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, எளிதில் எதையும் பாராட்டாதவர். அவரே முதல் மாதத்திலேயே குறை சொல்வதை நிறுத்திவிட்டார். 1955இல் பி. சபாபதி கிரைண்டரை உருவாக்கிய ஊர் இது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பொருளைச் செய்யத் தெரிந்த ஊர் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சிக்கலின் முதல் அறிகுறி வாங்கிய வாரத்திலேயே தெரிந்தது. இயந்திரத்துக்கு 2 ஆண்டும் மோட்டாருக்கு 5 ஆண்டும் உத்தரவாதம் என்றும், 15 நாளுக்குள் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். பதிவுக்கு வேண்டிய வரிசை எண் கிரைண்டரின் அடியில் ஒட்டியிருந்தது. பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் பொருளைத் துணி விரித்துச் சாய்த்து, கைபேசி விளக்கை அடித்து, என் மகன் எண்ணைப் படித்துச் சொன்னான். நடுவில் இருந்தது ஓ என்ற ஆங்கில எழுத்தா, சுழியமா என்று இருவருக்கும் புரியவில்லை. எழுத்தாகப் போட்டோம், தவறான எண் என்றது. சுழியமாகப் போட்டோம், அதற்கும் தவறான எண் என்றது. மூன்றாவது முறை முயன்றபோது பக்கமே வெள்ளையாகிவிட்டது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னதற்கு, பில் இருந்தால் போதும், யாரும் பதிவு செய்வதில்லை என்றார். நானும் விட்டுவிட்டேன். அப்போதே விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்று இன்று தோன்றுகிறது.

2021இல் ஒரு நாள் சுவிட்சைப் போட்டதும் டிரம் சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்றது; கையால் லேசாகத் தள்ளிவிட்டால் ஓடியது. கண்டென்சர் போய்விட்டது என்று தெருமுனை மெக்கானிக் பத்து நிமிடத்தில் மாற்றித் தந்தார். அடுத்த ஆண்டு பெல்ட் தளர்ந்தது, அதையும் அவரே மாற்றினார். இரண்டுக்கும் நிறுவனத்தைத் தேடிப் போக வேண்டிய தேவையே வரவில்லை.

2023 பிப்ரவரியில் உடைந்தது வைப்பர். டிரம்மின் ஓரத்தில் ஒட்டுகிற மாவை வழித்துக் கல்லுக்கு அடியில் தள்ளும் உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தகடு அது. அது இல்லாவிட்டால் கிரைண்டர் ஓடும், ஆனால் பக்கத்திலேயே நின்றுகொண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கரண்டியால் வழித்துவிட வேண்டும். அப்படியும் ஓரத்து அரிசி ரவையாகவே நிற்கும். மெக்கானிக் உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: “அக்கா, பெல்ட்டும் கண்டென்சரும் எந்தக் கம்பெனிதா இருந்தாலும் போட்டுக்கலாமுங்க. இது அவங்க அச்சுல வார்த்தது. அவங்ககிட்டத்தான் வாங்கோணும்.” நூறு ரூபாய் கூடப் பெறாத ஒரு பிளாஸ்டிக் தகடுக்காக நான் நிறுவனத்தின் வாசலுக்குப் போனது அப்படித்தான்.

இணையதளத்தில் உதிரி பாகம் என்ற தலைப்பு இருந்தது. அழுத்தினால் விரைவில் வருகிறது என்ற அறிவிப்பு. சரி, சேவைக் கோரிக்கைப் படிவத்தை நிரப்பலாம் என்று உட்கார்ந்தேன். பெயர், கைபேசி எண், மாநிலம், மாவட்டம் ஆகியவற்றோடு மாற்றுத் தரைவழித் தொலைபேசி எண்ணும் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் தரைவழித் தொலைபேசியைத் துண்டித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஏதோ பத்து இலக்கத்தைப் போட்டு அதைத் தாண்டினால், மாடல் பட்டியலில் எங்கள் கிரைண்டரே இல்லை. அதற்குப் பின் வந்த மூன்று மாடல்கள் மட்டும்தான் இருந்தன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வரிசை எண் மாடலோடு பொருந்தவில்லை என்று படிவம் நின்றுவிடுகிறது. எந்த மாடலையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அனுப்பும் பொத்தான் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. கடைசியில் பொதுக் கருத்துகள் என்ற பெட்டியில் முழு விவரத்தையும் எழுதி அனுப்பினேன். 48 வேலை மணி நேரத்துக்குள் எங்கள் பிரதிநிதி தொடர்பு கொள்வார் என்று திரையில் ஒரு வரி வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று வைத்தால் 48 மணி நேரம் ஆறு நாள், நடுவில் ஞாயிறு வந்தால் ஒரு வாரம். அந்த ஒரு வாரம் போய் மூன்று வாரம் ஆயிற்று.

இலவச அழைப்பு எண்ணில் புதிய பொருள் வாங்க 1, சேவைக்கு 2. நான் 2ஐ அழுத்தினேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்ற குரலும் வீணை இசையும் மாறி மாறி வந்து, 22ஆம் நிமிடத்தில் இணைப்பு தானாகத் துண்டானது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பொறுமையிழந்து 1ஐ அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்து, எந்த மாடல் பார்க்கிறீர்கள் மேடம் என்று இனிமையாகக் கேட்டார். நிலைமையைச் சொன்னேன். நாங்கள் விற்பனைப் பிரிவு, அந்தப் பக்கம் மாற்ற எங்களிடம் வசதி இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

அன்று இரவு ஒரு சோதனை செய்து பார்த்தேன். அதே இணையதளத்தில், அதே கைபேசி எண்ணைக் கொடுத்து, புதிய கிரைண்டர் ஒன்றை வாங்கப் போவது போல் தொடங்கினேன். ஓடிபி ஐந்து நொடியில் வந்தது. அஞ்சல் குறியீட்டைப் போட்டதும் எத்தனை நாளில் வீட்டுக்கு வரும் என்று சொன்னது. மூலையில் ஒரு சிறு சன்னல் திறந்து வணக்கம் சொன்னது. பணம் கட்டும் இடத்தில் நிறுத்தி வெளியே வந்துவிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு, கூடையில் பொருளை விட்டுவிட்டீர்களே, ஏதேனும் தயக்கமா என்று ஒருவர் அழைத்தார். இதைப் பார்த்த பிறகு, இவர்களுக்கு இணையதளம் நடத்தத் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடத்த வேண்டிய பக்கத்தை மிகச் சிறப்பாக நடத்துகிறார்கள். பழைய வாடிக்கையாளர் வருகிற பக்கத்தை யாரும் திறந்து பார்ப்பதே இல்லை என்பதுதான் விஷயம்.

மற்ற வழிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றும் இல்லை. குறைதீர் அலுவலர் என்று போட்டிருந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதியது, பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பி வந்தது. வாட்ஸ்அப்பில் 1 முதல் 4 வரை எதை அழுத்தினாலும் மீண்டும் முதல் பட்டியலே வந்தது. நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில், புதிய மாடல் விளம்பரத்துக்குக் கீழே நான் எழுதிய நான்கு வரிக்குப் பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், விவரங்களைத் தனிச்செய்தியில் அனுப்பவும். அனுப்பினேன். அது படிக்கப்பட்டதற்கான அடையாளம் மட்டும் வந்தது. நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான் அவர்களுக்குக் காது கேட்கிறது. ஏப்ரல் தொடக்கத்தில், உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தரவும் என்று குறுஞ்செய்தி வந்தது. அதில் இருந்த இணைப்பை அழுத்தினால் பக்கம் கிடைக்கவில்லை என்றது. சிரித்துவிட்டேன்.

அதன் பிறகே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்தேன். தமிழில் பேச முடிகிறது, புகார் எண்ணும் உடனே தருகிறார்கள். எட்டாவது நாள் நிறுவனத்திலிருந்து ஒருவர் தாமாகவே அழைத்தார். இரண்டு மாதமாக நான் தேடிய மனிதர் எங்கோ ஒரு மேசையில் இருக்கத்தான் இருந்திருக்கிறார். மே மாதம் கூரியரில் வைப்பர் வந்தது. ஆனால் அது புதிய மாடலுக்கு உரியது, எங்கள் டிரம்மில் அரை அங்குலம் இடித்தது. அழைத்த எண்ணுக்குத் திரும்பப் பேசினால், அந்த எண்ணுக்கு உள்வரும் அழைப்பு வசதி இல்லை என்றது. புகார் இங்கும் தீர்ந்ததாக முடிக்கப்பட்டிருந்தது.

சட்டம் துணைக்கு இல்லாமல் இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இணைய விற்பனைக்கான 2020ஆம் ஆண்டு விதிகள், குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்கின்றன. இணையத்தில் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும், நான் கடையில் வாங்கியவள். உதிரி பாகமும் பழுதுபார்க்கும் தகவலும் கிடைக்கச் செய்வதற்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஒரு தளம் தொடங்கியது. நான் தேடியபோது இந்த நிறுவனம் அதில் இல்லை. ஒரு பிளாஸ்டிக் தகடுக்காக ஆணையத்தின் படியேற யாருக்கு நேரம் இருக்கிறது? நிறுவனங்களுக்கும் இது நன்றாகத் தெரியும் என்பதே என் எண்ணம்.

உண்மையில் என்னை அதிகம் உறுத்தியது வைப்பர் அல்ல. நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டாவது பத்தி ஒன்று இருந்தது. உளுந்து எழும்பி வரும்போது, டிரம்மின் நடுத்தண்டைச் சுற்றியுள்ள விளிம்பு தாழ்வாக இருப்பதால், மாவு அதன் வழியாக வழிந்து உள்ளே இறங்குகிறது. துடைக்க முடியாத இடம் அது. அங்கே காய்ந்து, பேரிங்கைத் துருவேற்றி, மூன்றாம் ஆண்டிலிருந்து கிரீச்சென்று சத்தம் வருகிறது. அத்தைதான் இதை முதலில் கவனித்தார். பழைய டப்பா மூடியின் ரப்பர் வளையத்தைத் தண்டில் மாட்டிவிட்டார், மூன்று மில்லிமீட்டர் உயரம் கூடியது, அதோடு மாவு இறங்குவது நின்றது. விளிம்பை அச்சிலேயே அவ்வளவு உயர்த்திவிட்டால் இந்த மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் சிக்கல் தீர்ந்துவிடும். இது புகார் அல்ல. வாரம் இரண்டு முறை அந்தப் பொருளோடு நிற்கும் ஒருவர் இலவசமாகக் கொண்டுவந்து கொடுக்கும் தகவல். அதைப் போடுவதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் கூட இல்லை. எதை எழுதினாலும் அது தீர்க்க வேண்டிய, அதாவது முடித்துவைக்க வேண்டிய, புகாராகவே மாறிவிடுகிறது.

ஜூன் மாதம், காகிதத்தில் எழுதி, விளிம்பின் படத்தை அளவோடு வரைந்து, ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆலை எங்கள் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர்தான். நேரில் ஒரு முறை போனபோது, வாயிற்காவலர் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டதால்தான் தபால். ஒரு வாரத்தில் அட்டை நிறுவன முத்திரையோடு திரும்பி வந்தது. கடிதத்துக்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

வைப்பர் கடைசியில் கிடைத்தது மெக்கானிக்கிடம்தான். ஆகஸ்டில், எடைக்குப் போட வந்த இதே மாடல் கிரைண்டர் ஒன்றைப் பிரித்து, வைப்பரை மட்டும் எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். 50 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதன் நடுத்தண்டைச் சுற்றிலும் காய்ந்த மாவும் துருவும் இருந்ததைக் காட்டி, இதனால்தான் இந்த மிஷினை எடைக்குப் போட்டார்கள் என்றார். வேறு எந்தப் பழுதும் அதில் இல்லை.

இந்த ஆண்டு நாத்தனார் மகளுக்குக் கல்யாணச் சீராகக் கிரைண்டர் வாங்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனார்கள். மாடல்களை நான் அதிகம் பார்க்கவில்லை. கடையின் பின்பக்கம் மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்தேன். வைப்பர் இரண்டும் பெல்ட் ஒன்றும் சேர்த்துத் தந்தால்தான் பில் போடலாம் என்றேன். கடைக்காரர் கொஞ்சம் முனகிவிட்டு உள்ளே போய் எடுத்து வந்தார். பெட்டியைக் கட்டுவதற்கு முன், கிரைண்டரைச் சாய்க்கச் சொல்லி, அடியில் இருந்த வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொண்டேன். அதிலும் நடுவில் அதே ஓவோ சுழியமோ இருந்தது.