ப்ளூ-ரே பார்க்க கணினி டிரைவா, தனி பிளேயரா?

"வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, ஒரு ப்ளூ-ரே டிரைவ் வாங்கினால் போதாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு தனி பிளேயருக்கு மாறியவன் நான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படத்தின் தரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. டிரைவ் மலிவு, இடமும் அடைக்காது. டிவிடி மட்டும் பார்ப்பவருக்கு அதுவே தாராளம். டிவிடியை நகலெடுக்க விடாமல் தடுக்கும் சிஎஸ்எஸ் பூட்டு 40 பிட் சாவியில் ஓடியது, 1999-லேயே உடைந்துவிட்டது. இன்று விஎல்சி என்ற இலவச மென்பொருள் இருந்தால் எந்தக் கணினியிலும் டிவிடி ஓடும். எந்த நாட்டு டிஸ்க் எந்தக் கருவியில் ஓடும் என்று கட்டுப்படுத்தும் மண்டலக் குறியீட்டில் மட்டும் கவனம் வேண்டும். இந்தியாவுக்கு 5, சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3, அமெரிக்காவுக்கு 1. டிரைவில் இதை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அப்புறம் கடைசியாக வைத்த மண்டலமே நிலைத்துவிடும்.

ப்ளூ-ரேயில் முடிவைத் தீர்மானிப்பது பூட்டைத் திறக்கும் ரகசியச் சாவிதான். அதன் ஏஏசிஎஸ் பூட்டில், கசிந்த சாவியைப் பின்னால் வரும் டிஸ்க்குகள் மூலமாகவே ரத்து செய்ய முடியும். தனி பிளேயர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாவி கொடுக்க இந்த அமைப்பில் வழி உண்டு. யாரோ ஒருவருடைய பெட்டியின் சாவி கசிந்தால் அந்தப் பெட்டியோடு போயிற்று. கணினி மென்பொருளிலோ ஒரே சாவியைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 2007-ல் வின்டிவிடி மென்பொருளின் சாவி வெளியே வந்தபோது, திருட்டு நகலையே பார்த்திராதவர்கள்கூட மென்பொருளைப் புதுப்பித்தால்தான் புது டிஸ்க் ஓடும் என்ற நிலை வந்தது.

இதைவிடக் கோபம் வரவைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. புது டிஸ்க்கைப் போட்டதும், அதில் இருக்கும் ரத்துப் பட்டியலை டிரைவ் தன் நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். உங்கள் மென்பொருள் தன்னை டிரைவிடம் அடையாளம் காட்டும் சான்று அந்தப் பட்டியலில் இருந்தால், நேற்றுவரை ஓடிய பழைய டிஸ்க்கையும் டிரைவ் திறந்துகாட்டாது. திரையில் 'புதுப்பிக்கவும்' என்று ஒரு பெட்டி வரும். நான் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் அந்தப் பெட்டியை அழுத்தினால், என் பதிப்புக்கு ஆதரவு முடிந்துவிட்டது, அடுத்த பதிப்பை வாங்குங்கள் என்றது. டிஸ்க்குக்கும் பணம், டிரைவுக்கும் பணம், அதற்கு மேல் சில வருடங்களுக்கு ஒருமுறை சாவிக்கும் பணமா? நேர்மையாக வாங்கியவனிடம் இப்படி வசூலிப்பது அநியாயம்.

4கே டிஸ்க் என்றால் நிலைமை இன்னும் மோசம். கணினியில் முறைப்படி பார்க்க இன்டெல் சிப்பில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், மானிட்டர்வரை எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு வசதியும் வேண்டும். 2021-ல் வந்த 11-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பிலிருந்து இன்டெல் எஸ்ஜிஎக்ஸை எடுத்துவிட்டது. ஏஎம்டி சிப்பில் அது வந்ததே இல்லை. அதாவது, கணினியைப் புதிதாக மாற்றினால் கையிலிருக்கும் 4கே டிஸ்க் ஓடாமல் போகலாம். தனி பிளேயரில் இந்த வம்பு கிடையாது. எப்போதாவது ஒரு புது டிஸ்க் முரண்டு பிடித்தால், தயாரிப்பாளர் தளத்திலிருந்து பிளேயரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை பென்டிரைவில் இறக்கிச் செருகினால் போதும், அதற்குக் காசும் இல்லை.

தனி பிளேயரிலும் குறை உண்டு. நகலைப் பிடிக்க, படத்தின் ஒலியிலேயே மறைத்துவைக்கும் சினேவியா என்று ஒரு முத்திரை இருக்கிறது. 2012-லிருந்து எல்லா ப்ளூ-ரே பிளேயரிலும் அதைக் கண்டுபிடிக்கும் வசதி கட்டாயம். சொந்த டிஸ்க்கிலிருந்து எடுத்த நகலாக இருந்தாலும், முத்திரை இருந்தால் பாதியில் ஒலி நின்றுவிடும். மண்டலமும் பார்க்க வேண்டும். சாதாரண ப்ளூ-ரேயில் இந்தியா சி, சிங்கப்பூரும் அமெரிக்காவும் ஏ, பிரிட்டன் பி. மண்டலமே போடாத டிஸ்க்குகளும் நிறைய உண்டு, அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்கலாம். 4கே டிஸ்க்கில் மண்டலப் பூட்டே இல்லை, எந்த ஊரில் வாங்கினாலும் ஓடும்.

என் பிளேயர் இதுவரை சிக்கல் தரவில்லை. பத்து, பதினைந்து வருடம் தாங்குமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஓப்போ 2018-ல் பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது, அடுத்த வருடம் சாம்சங்கும் ஒதுங்கியது. ஆகவே பழைய பிளேயர் வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால், அந்த மாடலுக்குக் கடைசி ஃபர்ம்வேர் எப்போது வந்தது என்று பாருங்கள். கிடைத்தால் அந்தக் கோப்பை இறக்கி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.