டோ பார் போடக் கொடுத்தவர்கள் உருண்டையின் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள்

கோமாரி ஊருக்கு இந்தப் பக்கம், கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். எதிரே வந்த பஸ் எங்களைக் கடந்தது. அடுத்த கணம் இடது கண்ணாடியில் எங்கள் கேரவனின் பின்மூலை தெரிந்தது. பிறகு வலது கண்ணாடியில். மறுபடி இடது கண்ணாடியில், இந்த முறை இன்னும் பெரிதாக. வேகம் 70தான். நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்திருக்கக் கூடாது. கேரவன் இப்படி ஆடத் தொடங்கினால் ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு எக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டுமாம். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

ஒரு 'டக்' சத்தம். வண்டி திடீரென்று லேசாகிவிட்டது. கேரவன் கழன்று, ரோட்டோர மணலில் மூக்கைக் குத்தி நின்றது. பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்திருந்தால் இந்தப் பதிவை வேறு மாதிரி எழுதவேண்டி வந்திருக்கும். பக்கத்தில் இருந்த மச்சான் அந்தச் சில நொடிக்குள் திருக்கோவில் முருகனுக்குப் பத்துத் தேங்காய் நேர்ந்துவிட்டான். காசு கொடுத்து வாங்கியது நான்.

சரி, முதலில் இருந்து சொல்கிறேன். அறுகம்பையில் சீசனுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று நானும் மச்சானும் ஒரு சின்னக் கேரவன் செய்தோம். ஒற்றை அச்சு, இரண்டு கட்டில், ஒரு குட்டிக் குசினி, 150 லீட்டர் தண்ணீர்த் தாங்கி. சாமான் எல்லாம் ஏற்றினால் 900 கிலோ வரும். இழுப்பதற்கு எங்கள் டபுள் கேப். வண்டியின் பின்னால் பூட்டி, கேரவனை அதன் உருண்டையில் மாட்டும் டோ பார் மட்டும்தான் பாக்கி. மட்டக்களப்பில் ஒரு கராஜைப் பலரும் சொன்னார்கள், போனோம்.

முதலாளி ஃபோனில் ஒரு அமெரிக்க வீடியோவைக் காட்டினார். "தம்பி, இதுதான் பாரத்தப் பிரிச்சுக் குடுக்கிற ஹிட்ச். இதப் போட்டா ஆடவே ஆடாது. நூறுல போங்க." சாதாரண டோ பாருக்கு நாற்பதாயிரம், இதற்கு 165,000. உயிர் விஷயம் என்று மச்சான் சொன்னான். கொடுத்தோம்.

அவர் காட்டிய சாமான் பொய்யில்லை. அமெரிக்காவில் மூன்று நான்கு தொன் கேரவனை இழுக்கும்போது, அதன் மூக்குப் பாரம், அதாவது முன்முனை டோ பாரில் இறக்கும் பாரம், வண்டியின் பின்பக்கத்தை அமுக்கி முன்சில்லைத் தூக்கிவிடும். ஸ்டீரிங் பிடி கொடுக்காது. அங்கே இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் நெம்புகோல் மாதிரி வேலை செய்து, அந்தப் பாரத்தில் ஒரு பங்கை முன்சில்லுக்கும் கேரவனின் அச்சுக்கும் அனுப்புகின்றன. அதை அட்ஜஸ்ட் பண்ணுவதற்கு ஒரு டேப் போதும். கேரவனை மாட்டுவதற்கு முன் முன்பக்க மட்காட்டின் உயரத்தை அளக்க வேண்டும். மாட்டியபின் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த எழும்பலில் பாதியாவது இறங்கும்வரை கம்பியை இறுக்க வேண்டும். எங்கள் கராஜில் ஒருவரும் டேப்பைக் கையில் எடுக்கவே இல்லை. அவர்கள் மாட்டித் தந்த 'ஸ்பிரிங் கம்பி' லொறி வில்லுத் தகட்டை வெட்டிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தது. அதையாவது மன்னிக்கலாம். எங்கள் கேரவனின் மூக்கில் பிரித்துக் கொடுக்கப் பாரமே இல்லை என்பதுதான் கொடுமை.

அதைக் கண்டுபிடித்தவர் எஞ்சினியர் இல்லை. மணல் ஏற்றிக்கொண்டு உழவு மெசினில், அதாவது ட்ராக்டரில், வந்த ஒரு வயதானவர். இறங்கி வந்தார், கேரவனைச் சுற்றிப் பார்த்தார், குனிந்து மூக்கைப் பிடித்து ஒரு கையால் தூக்கினார். 900 கிலோ கேரவன்! "என்ன மனே, பாரத்தயெல்லாம் பின்னுக்குப் போட்டு வச்சிருக்காய்? மெசின் பெட்டியெண்டாலும் மூக்கு அமரணும். பின்னுக்கு ஏத்தினா கொக்கியத் தூக்கும். மறுகா வாலாட்டாம என்ன செய்யும்?" என்றார். தண்ணீர்த் தாங்கியைக் கேரவனின் கடைசியில், கட்டிலுக்குக் கீழே வைத்தவன் நான். கேஸ் சிலிண்டரும் அங்கேதான். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கியவர் ஒரு தடவை மூக்கைத் தூக்கிப் பார்த்திருக்கலாம்.

அவரே மெசினில் கட்டி மெதுவாக இழுத்துக்கொண்டு போய் ஒரு கடை வளவில் விட்டார். அடுத்த நாள் அக்கரைப்பற்றில் லேத் வைத்திருக்கும், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் தெரிந்த முஸ்லிம் அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் கேரவனை விட்டுவிட்டு நேரே டோ பாரின் உருண்டையிடம் போனார். வேர்னியர் அளவுகோலை வைத்தார்: 47.6 மில்லிமீட்டர். அதாவது 1 7/8 அங்குல உருண்டை. கேரவனின் மூக்கில், உருண்டைக்கு மேல் கவிழ்ந்து பூட்டும் கப்ளரில் 50 என்று பொறித்திருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்றேன். "அந்த ரெண்டு மில்லிமீட்டராலதான் மனிசன் சாகிறது" என்றார். கப்ளரின் நாக்கு உருண்டையின் கீழ்வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சின்ன உருண்டையிலும் அது மூடிக்கொள்ளும், பூட்டியது போலவே தெரியும், ஆனால் குழியில் ஒரு துள்ளல் துள்ளினால் கழன்றுவிடும். 2 அங்குலமும் 50 மில்லிமீட்டரும் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். 2 அங்குலம் என்றால் 50.8. கப்ளரில் எது பொறித்திருக்கிறதோ அதே உருண்டைதான் வேண்டும்.

உருண்டையின் தலையில் அளவு பொறித்திருக்குமே என்று கேட்டேன். காக்கா பெயிண்டைச் சுரண்டினார். கிரைண்டர் கீறல். அளவைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதுவரைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை. தெரியாமல் செய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. உருண்டையின் காம்பை நட் போட்டு முறுக்காமல் வெல்டிங் அடித்திருந்தார்கள். அந்தச் சூட்டில் இரும்பின் பலம் போய்விடும் என்றார் காக்கா. டோ பாரை வண்டியின் அடிச்சட்டமான சேசியில் பூட்டவில்லை, பம்பரைத் தாங்கும் தகட்டில் பூட்டியிருந்தார்கள். பாதுகாப்புச் சங்கிலி ஒன்றே ஒன்று, அதுவும் அதே தகட்டில், அது தகட்டோடு பிய்ந்து போயிருந்தது. இரண்டு சங்கிலி வேண்டும், அவை கப்ளருக்குக் கீழே குறுக்காகப் போக வேண்டும். அப்போது மூக்குக் கழன்றாலும் ரோட்டில் குத்தாமல் சங்கிலியில் விழுந்து கிடக்கும். உயரமும் பிழை. கேரவனைச் சமதரையில் மட்டமாக நிறுத்தினால் கப்ளர் 17 அங்குலத்தில் வருகிறது, உருண்டையோ 21 அங்குலத்தில். மூக்கை நாலு அங்குலம் தூக்கிக்கொண்டு, பாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளியபடிதான் அவ்வளவு தூரமும் ஓடியிருக்கிறோம்.

மூக்குப் பாரத்தை நெல் நிறுக்கும் தராசில்தான் நிறுத்தோம். தராசுக்கு மேல் கட்டையை அடுக்கி, இழுக்கும்போது எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்தில் மூக்கை வைத்தோம். 26 கிலோ. இப்படியான கேரவனுக்கு மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் இருக்க வேண்டும். 15 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. எங்களுக்கு அது 90 முதல் 135 வரை. தாங்கியையும் சிலிண்டரையும் அச்சுக்குக் கொஞ்சம் முன்னுக்கு மாற்றினோம். 104 கிலோ. அதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஒரு நாள் கூலியைத் தவிர.

சேசியின் இரண்டு பக்கமும் போல்ட் போட்ட புது டோ பார், 50 மில்லிமீட்டர் உருண்டை, இரண்டு சங்கிலி எல்லாம் சேர்த்து 48,000 முடிந்தது. மாட்டியபின் கேரவனின் மூக்கை ஜக்கால் மெல்ல உயர்த்திப் பார்ப்பதைக் காக்கா பழக்கிவிட்டார். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அதைச் செய்கிறேன். மச்சான் சிரிக்கிறான், செய்கிறேன்.

பழைய கராஜுக்குப் போகாமலா இருப்பேன்? போனேன். "ஸ்பீடா ஓடிப்போட்டு இஞ்ச வந்து கதைக்கிறீங்க" என்றார் முதலாளி. உருண்டையை மேசையில் வைத்தேன். அதைப் பார்க்கவே இல்லை. பில்லில் 'டோ பார் வேலை - 165,000' என்ற ஒரு வரி மட்டும்தான். அளவும் இல்லை, எவ்வளவு பாரம் தாங்கும் என்பதும் இல்லை, கடையின் சீல்கூட இல்லை. அதைக் கொண்டுபோய் எங்கே முறையிடுவது? கடைசியில் ஒரு தயவு காட்டினார்: கழற்றிய இரும்பைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்கிறாராம்.

போன கிழமை அந்த வழியால் போனபோது, கராஜ் வாசலில் ஃபைபர் தோணி ஏற்றும் ட்ரெயிலர் ஒன்று நின்றது. பக்கத்தில் நின்ற வண்டியில் புது டோ பார், பெயிண்ட் காயவில்லை. யாருடையது என்று தெரியாது. இதை வாசித்தால், அண்ணன், தோணியை ஏற்றுவதற்கு முன் அந்த உருண்டையின் தலையை ஒரு சாவியால் சுரண்டிப் பாருங்கள்.