எட்டு ஆண்டு கிரைண்டர்: அரைப்பது அது, கழுவுவது யார்?

2017 ஆடித் தள்ளுபடியில் நான்காயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் இன்னமும் எங்கள் சமையலறை மேடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. இந்த அளவில் எல்லாமே ஏறக்குறைய ஒரே சாதிதான். எவர்சில்வர் டிரம், அதன் அடியில் கல், மேலே உருளும் மூன்று கூம்புக் கற்கள், 150 வாட் மோட்டார்.

வீட்டில் நான்கு பேர். தாம்பரத்திலிருந்து எழும்பூருக்குக் காலை 7.40 மின்சார ரயிலைப் பிடித்தால்தான் அலுவலகத்தில் நேரத்துக்குக் கைரேகை வைக்க முடியும். குளிர்பெட்டியில் மாவு இருந்தால் அந்தக் காலையைச் சமாளித்துவிடுவேன். இட்லி வேகும் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு அடுப்பில் குக்கர், இன்னொன்றில் பொரியல், நடுவில் மகளுக்குத் தலைபின்னல். மாவு இல்லாத வாரம் எங்கள் வீட்டில் உப்புமா வாரம். அந்த வாரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஞாயிறு மாலை அரைப்பது. நான்கு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். உளுந்துக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் விடுவேன். மிக்சி வேகமாகச் சுற்றி மாவைச் சூடாக்கிவிடும்; கல் மெல்ல நசுக்குவதால் உளுந்து காற்றை வாங்கிப் பந்துபோல் எழும்பி வரும். ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அரிசி மட்டும் கொஞ்சம் நறநறப்பாக இருக்கலாம். முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்த இரண்டு நாள் தோசை, மிச்சம் புளித்தால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் ஓடினாலும் 0.15 யூனிட்தான் ஆகும். மாதம் முழுக்கக் கூட்டினாலும் ஒரு யூனிட்டைத் தொடாது.

விற்பனையாளர் "போட்டுவிட்டு நீங்கள் வேறு வேலை பார்க்கலாம், மேடம்" என்றார். பாதி உண்மை. உளுந்து அரைபடும் இருபத்தைந்து நிமிடத்தில் துணி மடிக்கலாம், தேங்காய் துருவலாம், கீரை ஆயலாம். ஆனால் ஒரு காது அங்கேயே இருக்க வேண்டும். மாவு இறுகினால் சத்தம் மாறும். உடனே போய் ஒரு கை தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட வேண்டும். 2020 ஊரடங்கில் ஒருநாள் அலுவலகக் கூட்டம் கைப்பேசியில் நீண்டுகொண்டே போக, உளுந்தை அறவே மறந்தேன். ஐம்பது நிமிடம் கழித்துத் தொட்டால் மாவு வெதுவெதுப்பு. மறுநாள் இட்லி வட்டமாக இருந்தது, அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல முடியும். இப்போது வரும் மாடல்கள் சிலவற்றில் டைமர் இருக்கிறது. நான் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்கிறேன்.

கூடவே வந்த தேங்காய்த் துருவியை இரண்டு முறை பயன்படுத்தினேன். இரண்டாம் முறை விரலையும் சேர்த்துத் துருவப் பார்த்தது. பரணில் இருக்கிறது.

செலவு என்று பெரிதாக இல்லை. ஒருமுறை ரப்பர் கருகும் வாடை. மோட்டார் உறுமியது, டிரம் நகரவில்லை. பெல்ட் போயிருந்தது. அதை மாற்றும்வரை இரண்டு வாரம் கடை மாவு. நமக்கு வேண்டிய பக்குவத்துக்கு முன்பே புளித்து நின்றது. 2023-இல் மாவில் கறுப்புக் கீற்றுகள் தெரிந்தபோது பயந்துபோனேன். உருளைக்குள் தண்டு சுற்றும் இடத்தில் இருக்கும் 'புஷ்' என்ற சிறு குழல் தேய்ந்திருக்கிறது என்று பழுது பார்ப்பவர் காட்டினார். கறுப்பு தெரிந்தால் அந்த மாவைக் கொட்டிவிடுங்கள், கணக்குப் பார்க்காதீர்கள்.

என் உண்மையான குறை வேறு. அரைப்பதற்கு ஒரு மணி நேரம் என்றால், வழித்துக் கழுவ அரை மணி நேரம். டிரம், மூன்று உருளை, நடுத்தண்டு, வழிப்பான், மேடையில் தெறித்தது. "நாளைக்குக் கழுவலாம் என்று வைத்தாயானால், காய்ந்ததைச் சுரண்டவே ஒரு நாள் வேண்டும்" என்று அத்தை முதல் வாரமே எச்சரித்தார். சொந்த அனுபவம்தான், ஆட்டுக்கல்லில் வளர்ந்தவர். அங்கே கல் நிற்கும், குழவி சுற்றும். 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கியபோது இயந்திரம் பாத்திரத்தைச் சுற்ற வைத்தது; பெண்களின் தோள் பிழைத்தது. தமிழக அரசு 2011-இல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது ஊரில் என் அம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது. ஆட்டுக்கல் இப்போது துளசிச் செடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. கழுவும் வேலையை மட்டும் யாரும் எதுவும் செய்யவில்லை.

நான்கு ஆண்டு நானே கழுவினேன். ஞாயிறு இரவு எட்டு மணிக்குத் தொட்டிமுன் நிற்கும்போது அடுத்த வாரம் அப்போதே தொடங்கிவிட்டதுபோல் இருக்கும். 2021-இல் வலது மணிக்கட்டு பிசகி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தேன். என் கணவர் கழுவினார். முதல் நாள் உருளைகளைக் கழற்றத் தெரியாமல் டிரம்மோடு குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார்; சமையலறைத் தரை முழுவதும் மாவுக் கோலம். நான் நாற்காலியில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன், எளிதாக இல்லை. மூன்றாவது வாரம் அவரே பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை உருளையின் துளைக்கென்று எடுத்து வைத்தார். கட்டு அவிழ்த்த பிறகும் அந்த வேலையை நான் திரும்பக் கேட்கவில்லை, அவரும் நினைவூட்டவில்லை. வழிக்கும் தண்ணீரைக் கொட்டாமல் மறுநாள் தோசை மாவில் சேர்க்கலாம் என்பதை என்னிடமே ஒருநாள் புதுச் செய்திபோலச் சொன்னார்.

வாங்கப் போகிறவர்களுக்கு: அடுக்குமாடியில் இருந்தால் இரவு ஒன்பதுக்குமேல் ஓட்டாதீர்கள், கீழ்வீட்டுக்குக் கேட்கும். புதுக் கல்லில் முதல் இரண்டு முறை பழைய அரிசியை அரைத்துக் கொட்டிவிடுங்கள். உபரி பெல்ட் ஒன்றை அலமாரியில் வைத்திருங்கள். கடையில் மூடியைத் திறந்து பார்ப்பதோடு நிற்காமல் டிரம்மைக் கல்லோடு தூக்கிப் பாருங்கள், நல்ல கனம். வீட்டில் யார் கழுவப் போகிறாரோ அவரையும் கடைக்கு அழைத்துப் போய்த் தூக்கச் சொல்லுங்கள்.