ரப்பர் கடைக்கு ஈஆர்பிநெக்ஸ்ட்: இலவச மென்பொருளுக்கு எங்கே காசு கொடுக்கலாம்?

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் செய்யும் எங்கள் கடையின் கணக்கும் சரக்கிருப்பும் இப்போது ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளில்தான் நடக்கின்றன. மும்பையிலுள்ள ஃப்ராப்பே நிறுவனம் இதை, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் இடம் தரும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடுவதால் உரிமக் கட்டணம் கிடையாது. பயன்படுத்தும் ஆட்களை எண்ணிப் பணம் கேட்பதும் இல்லை.

ஆர்எஸ்எஸ்-4 (புகையிட்ட ஷீட்டில் ஒரு தரம்), தரம் பிரிக்காத ஷீட், ஒட்டுப்பால் (கழிவு ரப்பர்) என ஒவ்வொன்றையும் தனிச் சரக்காகப் பதிந்துவிட்டால், எடைச் சீட்டிலிருந்து குடோன் இருப்பு வரை தானாகவே சேர்ந்துவிடுகிறது. ஆனால் இதன் அருமை கோட்டயத்துக்கு லாரி புறப்படும் நாளில்தான் முழுதாகத் தெரியும். ₹50,000-க்கு மேற்பட்ட சரக்கு கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்ட இ-வே பில், அதாவது ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் மின்னணுச் சரக்குச் சீட்டு வேண்டும். விற்பனை பில் போட்ட அதே திரையில் வண்டி எண்ணையும் தூரத்தையும் கொடுத்ததும் அது கைக்கு வந்துவிடுகிறது.

இந்த வசதியைத் தருவது ரெசிலியண்ட் டெக் என்ற வேறொரு நிறுவனம் எழுதிய இந்தியா கம்ப்ளையன்ஸ் செயலி. அதுவும் திறமூலமே. நிரலுக்குக் காசில்லை, அரசுத் தளத்தோடு இணைக்கும் ஏபிஐ சேவைக்கு மட்டும் முன்கூட்டியே காசு கொடுத்து கிரெடிட் வாங்க வேண்டும். ஃப்ராப்பேயும் அப்படித்தான், ஃப்ராப்பே கிளவுடில் தளத்தை நடத்தித் தருவதற்குக் கட்டணம் வாங்குகிறது. வேண்டாதவர் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். வாடிக்கையாளரைக் கட்டிப்போடாமல் சம்பாதிக்கும் இந்த வழியை நான் மனமார மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. டாலி கணக்கு மென்பொருளில் பழகிய கணக்கருக்குத் தொடக்கத்தில் கடினமாகவே இருக்கும். விவசாயிகளுக்கான சீட்டின் தமிழ் வடிவத்தையும் நாங்களே அமைத்தோம்.

என் உண்மையான வருத்தம் நிறுவித் தந்த சேவையாளர் மீதுதான். நிறுவல், பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு என்று கணிசமான தொகை வாங்கிய அவரிடம், இதில் நிரலை எழுதியவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டபோது, எதுவுமில்லை என்றார். உரிமத்தின்படி அதில் தவறில்லை, ஆனாலும் எனக்கு அது ஒப்பவில்லை. எழுதுபவரைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சிறு திறமூலக் கருவியை ஒருவரே ஊதியமின்றிப் பல ஆண்டுகள் பராமரித்துச் சோர்ந்திருந்தார். உதவ வந்தவராக நடித்து அவருடைய நம்பிக்கையைப் பெற்ற ஒரு ஆள் அதில் பின்கதவு (கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி) வைத்தது 2024 மார்ச்சில் அம்பலமானது. அதே ஆண்டு அக்டோபரில் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா இத்தகைய திறமூலத் திட்டங்களுக்காக ஃப்ளாஸ் ஃபண்ட் தொடங்கி, ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கியது. நம் ஊர்ச் சேவையாளர்கள் பராமரிப்புத் தொகையில் சிறு பங்கையாவது அனுப்பலாமே!

ஒரே கடை வைத்து நோட்டில் கணக்கெழுதுபவருக்கு இது அதிகப்படி. மார்த்தாண்டம், அருமனை என்று கிளைகள் வைத்திருப்பவர்கள் தயங்காமல் எடுக்கலாம். கிளவுட் கட்டணத்தைச் சேவையாளர் வழியாகக் கட்டாமல், தங்கள் பெயரிலேயே கணக்குத் தொடங்கி நேரடியாகக் கட்டுவது நல்லது.