வீட்டு ஆக்களையும் சேத்துப் பாக்கிற எங்கட ஒஃபீஸ் புரோகிராம்

கொழும்பு கொள்ளுப்பிட்டிப் பக்கம் இருக்கிற எங்கட கம்பனியில ஸ்டாஃபுக்கும் வீட்டு ஆக்களுக்கும் எண்டு ஒரு சப்போர்ட் புரோகிராம் ஓடுது. டேகெயார், கவுன்சலிங், வயசான அம்மா அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக நேரம், எல்லாத்துக்கும் ஒரே ஆளிட்டத்தான் போகோணும். வேல மாற யோசிக்கிற கனபேர் கேக்கினம், அதான் எழுதுறன்.

முதல்ல கவுன்சலிங். மாமா தவறினாப்பிறகு மாமி சரியாச் சாப்பிடுறேல்ல, நித்திரையும் இல்ல, வெள்ளவத்தை வீட்டில ஒரு மூலையில இருந்துடுவா. ஸ்டாஃப் இல்லாத ஆளுக்குக் குடுப்பினமோ எண்டு தயங்கித்தான் கேட்டனான், ஒரே வீட்டில இருக்கிற எல்லாருக்கும் ஃப்ரீ எண்டு சொல்லி அந்தக் கிழமையே ஒரு தமிழ் அக்காவ ஒழுங்கு பண்ணித் தந்தவ. கம்பனிக்கு எத்தின பேர் வந்தது எண்ட கணக்கு மட்டும்தான் போகும், ஆர் வந்தது என்ன கதைச்சது ஒண்டும் போகாது, இது இல்லாட்டி ஒருத்தரும் போகமாட்டினம். மாமி இப்ப பின்னேரத்தில கோயிலுக்குப் போய் வாறா, எங்களுக்கு அது பெரிய விஷயம்.

இந்தப் புரோகிராம நடத்திறவ எச்ஆர்ல சின்ன வேலையில இருந்து மேல வந்தவ. 2022ல பெட்ரோல் க்யூ, ஸ்கூல் பூட்டு எண்டு எல்லாரும் அல்லாடேக்க, டிப்பார்ட்மென்ட் டிப்பார்ட்மென்டாப் போய் வீட்டில என்ன கஷ்டம் எண்டு கேட்டு எழுதி, அந்த லிஸ்டோடதான் டிரெக்டர்மாரிட்ட காசு கேட்டவவாம். டேகெயார் அப்பிடி வந்ததுதான். மனேஜர்மாருக்கும் ட்ரெய்னிங் குடுக்கிறா, ஏனெண்டா பேப்பரில எவ்வளவு லீவு இருந்தாலும் மனேஜர் முகம் சுழிச்சா ஆர் கேப்பினம் சொல்லுங்கோ. இந்த லைன்ல வேல பாக்க ஆசப்படுற பிள்ளையள் இருந்தா, சர்ட்டிபிகேட்ட விட இந்தக் கேட்டு எழுதுற பழக்கம்தான் முக்கியம் எண்டு நான் நினைக்கிறன்.

டேகெயார் சுத்தம், சாப்பாடும் நல்லம், ஆனா இடம் காணாது, வயித்தில இருக்கேக்கயே பேர் குடுக்கிறது நல்லம்.

குறை எண்டா தமிழ் கவுன்சிலர் கிழமையில ரெண்டு நாள்தான், சிங்களத்திலயும் இங்கிலிஷிலயும் எல்லா நாளும் இருக்கு. மனசு உடைஞ்சு இருக்கிற ஆள செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுங்கோ எண்டு சொல்லேலாது, இத புரோகிராம் நடத்திறவவிட்டயும் நேர சொல்லியிருக்கிறன். அவசரமெண்டா 1926க்கு அடியுங்கோ, அது அங்கொட மனநல நிறுவனத்தின்ட லைன். தமிழில ரெண்டு நாள்தான் எண்டதாலதான் இந்தப் புரோகிராமுக்கு நான் 5க்கு 4 குடுக்கிறன்.

இன்னொண்டு, எல்லாத்தையும் கம்பனியின்ட தயவு எண்டு நினைக்காதேங்கோ. 84 நாள் பிரசவ லீவு சட்டத்தில இருக்கு, கிழமை லீவு நாளும் போயாவும் (பௌர்ணமி லீவு) அதில சேராது, 2018ல இருந்து எத்தினையாவது பிள்ளையெண்டாலும் அதேதான். ஒரு வயசுக்குள்ள பிள்ளை இருந்தா பால் குடுக்க நாளுக்கு ரெண்டு தரம் நேரம் தரோணும், வேல இடத்தில க்ரஷ் (டேகெயார்) இருந்தா ஒவ்வொரு தரமும் அரை மணித்தியாலம், இல்லாட்டி ஒரு மணித்தியாலம். இன்டர்வியூவுக்குப் போனா சம்பளத்தோட சேத்து அப்பாமாருக்கு எத்தின நாள் லீவு, கவுன்சலிங் வீட்டு ஆக்களுக்கும் இருக்கா, தமிழில இருக்கா எண்டும் கேளுங்கோ.