புது ஹார்ட் டிஸ்க் என்று பழசைத் தலையில் கட்டிவிட்டார்கள்: 18,500 ரூபாய் போச்சு

கோவையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ஒரு மாடிக் கடையில் 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். புதுசு என்றுதான் விற்றார்கள், புதுசுக்கான விலைதான் வாங்கினார்கள். 18,500 ரூபாய். பார்த்தால் இரண்டரை வருஷத்துக்கும் மேல் எங்கேயோ ஓடித் தேய்ந்த சரக்கு. இன்று காலை கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

நானே அசெம்பிள் செய்த மெஷின். பி450 போர்டு, ரைசன் 5 3600, 16 ஜிபி ரேம். ரேமை 32 ஆக்கவேண்டும், ஸ்டோரேஜைக் கூட்டவேண்டும் என்று திட்டம். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் அதை ஒத்திவைத்தேன். என் போர்டில், எஸ்எஸ்டியை நேராகப் போர்டிலேயே செருகும் எம்.2 ஸ்லாட்டுகளில் இரண்டாவதில் எஸ்எஸ்டி செருகினால், ஹார்ட் டிஸ்க் கேபிள் மாட்டும் இரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது. 8 டெராபைட் எஸ்எஸ்டி விலையும் நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஒதுக்கிய பணம் மொத்தத்தையும் சர்வர்களில் போடும் ரக சீகேட் கம்பெனி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டேன். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த வீடியோக்கள் அத்தனையும் பழைய டிரைவில் இடமில்லாமல் நெருக்கியடித்துக் கிடந்தன.

அந்தக் கடைக்காரரை ஏன் நம்பினேன் தெரியுமா? விஷயம் தெரிந்தவர். டிரைவை எடுத்துக் கொடுக்கும் முன்பே, "என்ன பவர் சப்ளை போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அது பழைய மாடலுங்க. பவர் கனெக்டர்ல மூணாவது பின்ல 3.3 வோல்ட் வரும். அது வந்தா இந்த ரக டிரைவ் ஸ்டார்ட்டே ஆகாது. வீட்டுக்குப் போய் டெட்னு நினைச்சுக்குவீங்க" என்று சொல்லி, மேஜை டிராயரிலிருந்து, அந்த 3.3 வோல்ட் இல்லாத மோலெக்ஸ் வயரிலிருந்து கரன்ட் எடுக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை எடுத்து, "காசு வேண்டாங்க, வெச்சுக்கங்க" என்று கையில் வைத்தார். அவர் சொன்னது உண்மைதான். இவ்வளவு சுத்தமாகச் சொல்லிக்கொடுக்கிற மனுஷன் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

வீட்டில் மாட்டியதும், டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தேன். ஓடிய நேரம் பூஜ்யம். புதுசு என்று நிம்மதியாக வீடியோக்களை ஏற்றினேன். கொஞ்ச நாளில் காப்பி ஆகும்போதே டிக் டிக் என்று சத்தம், படிப்பதில் சிக்கல் தரும் இடங்களைக் காட்டும் பென்டிங் செக்டர் எண்ணிக்கை ஏறுகிறது. கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி நான் போடாத வட்டத் தடங்கள். கனெக்டரின் தங்கப்பூச்சில், பலமுறை செருகி உருவிய நேர்நேரான கீறல்கள்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டுவது, டிரைவ் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் என்ற கணக்கைத்தான். அதை அழித்துவிடலாம். ஆனால் சீகேட் டிரைவ்களுக்குள்ளே ஓடிய நேரத்தையும் குறித்துவைக்கும் ஃபார்ம் என்று தனியாக ஒரு பதிவு இருக்கிறது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளில் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்கலாம். படித்தேன். 23,000 மணி நேரத்துக்கு மேல்! ஒரு வருஷத்துக்கே 8,760 மணி நேரம்தான். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அம்பலமானதும் இதே மோசடிதான். ஹார்ட் டிஸ்க் இடத்தை வைத்துத் திரட்டும் சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓட்டியவை என்று சந்தேகிக்கப்பட்ட டிரைவ்களைக் கணக்கு அழித்துப் புதுசென்று விற்றிருக்கிறார்கள். தயாரித்த கம்பெனி மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்தே விற்றவன் மேல்தான்.

கடைக்குப் போனேன். அங்கிருந்தவர்கள் முதலில் "கேபிள் மாத்திப் பாருங்க" என்றார்கள். அப்புறம் "ஓனர் ஊர்ல இல்லீங்க". ஓனர் வந்ததும் ஃபார்ம் பதிவின் பிரின்ட்டை நீட்டினேன், வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நெட்ல எதையோ பார்த்துட்டு வந்து பேசாதீங்க" என்றார். கடைசியில் சொன்னதுதான் வயிறெரிகிறது: "இது நாங்க குடுத்த டிரைவ்தான்னு என்ன ஆதாரம்?" பில்லில் 'ஹார்ட் டிஸ்க் 8 டிபி - 1' என்று மட்டும் அடித்திருக்கிறார்கள். சீரியல் நம்பரே இல்லை. அவர்களே ஒட்டிய கடை ஸ்டிக்கர் டிரைவின் மேலேயே இருக்கிறது. அதைக் காட்டினால், "ஸ்டிக்கரை யார் வேணா ஒட்டலாம்" என்கிறார். அன்று கன்வெர்ட்டர் கொடுத்த அதே மனுஷன்தான் இந்த ஓனர்! 18,500 ரூபாய். எனக்கு அது சும்மா வந்த காசில்லை.

வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். பணம் கொடுக்கும் முன் சீரியல் நம்பரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு வாரன்டி பாருங்கள், அதே நம்பரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஸ்க்ரூ துளைகளைப் பாருங்கள். கவர் பிரிப்பதை வீடியோ எடுங்கள். சீகேட் என்றால் முதல் நாளே ஃபார்ம் பதிவு. புது டிரைவ் மேல் நம்பிக்கை வரும்வரை பழையதை அழிக்காதீர்கள். நான் அழிக்கவில்லை, அதனால் மகளின் வீடியோக்கள் தப்பின.

ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. பில், ஸ்டிக்கர் படம், ஃபார்ம் பிரின்ட் மூன்றையும் எடுத்து வைத்துவிட்டேன். நாளைக் காலை புகார் போகிறது.