மறதிநோய்க் காப்பகத்தில் அம்மா: 3 வருட அனுபவம்

கோவையில் ஒரு காப்பகத்தில் அம்மாவைச் சேர்த்து 3 வருடம் ஆகிறது. பெயர் வேண்டாம். இப்படி ஓர் இடம் தேடுகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சேர்க்கப் போன அன்று தோட்டம், ஏசி அறை, பிசியோதெரபி அறை எல்லாம் காட்டினார்கள். நாங்களும் அதையே பார்த்துவிட்டு வந்தோம். பார்த்திருக்க வேண்டியது சாயங்காலம் 5 மணியை. டிமென்ஷியா, அதாவது மறதிநோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடிவிடும். அம்மா டீச்சராக இருந்தவர். 5 மணியானால் கைப்பையைத் தேடுவார். "அஞ்சே கால் பஸ் போயிடும், கதவைத் திற" என்று தட்டிக்கொண்டே இருப்பார். "இதுதான் உங்க வீடு, உட்காருங்க" என்பார்கள் ஆயாக்கள். அம்மா அழுவார், ஒருமுறை ஓர் ஆயாவின் கையைக் கடித்தேவிட்டார்.

ஆறு மாதம் கழித்து ஓர் அக்கா வேலைக்கு வந்தார். "டீச்சரம்மா, இன்னும் பெல் அடிக்கலையே! அதுக்குள்ள இந்த நோட்டைத் திருத்திடுங்க" என்று பழைய நோட்டையும் சிவப்புப் பேனாவையும் நீட்டினார். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கம் பக்கமாக டிக். சாப்பாடு வரும்வரை பஸ் நினைப்பே இல்லை. நான் ஜன்னல் ஓரமாக நின்று அழுதுவிட்டேன்.

பெரிய குறை ஒன்று உண்டு. போன வருடம் திடீரென்று அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல் கத்தினார், இல்லாத ஆட்களோடு பேசினார். "நோய் முத்திடுச்சு" என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்துத் தங்கை போனபோது அம்மா தலை தொங்கியபடி இருந்தார், வாயில் வைத்த சோறு அப்படியே இருந்தது. கொடுத்தது குவெட்டியாபின் என்ற மனநோய் மருந்து. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் உயிராபத்தைக் கூட்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005லேயே எச்சரித்திருக்கிறது. யூரின் டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் சிறுநீர்த் தொற்று! ஆன்டிபயாடிக் கொடுத்ததும் ஒரு வாரத்தில் பழையபடி ஆனார். ஒரே ராத்திரியில் குழப்பம் கூடினால் முதலில் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது இதையெல்லாம் பார்க்க வேண்டும். இது அங்கே இருந்த நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? எங்களைக் கேட்காமல் இனி இப்படி மாத்திரை கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கினோம். அதை இன்றுவரை மீறவில்லை.

சாப்பாடு, சுத்தம் பரவாயில்லை. டயப்பருக்கும் மருந்துக்கும் பில் தனி. ராத்திரியில் 18 பேருக்கு இரண்டே ஆயாக்கள், இது போதாது.

அந்த அக்கா ஒன்றே கால் வருடத்தில் போய்விட்டார். வேறு இடத்தில் சம்பளம் 2,000 கூட. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மறுநாளே அம்மா கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். புதிதாக வந்த பெண்ணுக்கு நோட்டு விஷயத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்புறம் நானே பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன்: "5 மணி. நோட்டு, சிவப்புப் பேனா. டீச்சரம்மா என்று கூப்பிடவும்."

நீங்கள் இடம் பார்க்கப் போனால் சாயங்காலம் போங்கள். ஆயாக்களிடம் "இங்க வந்து எத்தனை நாளாச்சு?" என்று கேளுங்கள்.